சவலைக் குட்டியின் பங்கு

ராஜபாளையத்துக்கு நாய் வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பார்க்கிறார்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்புறம் கண், அது தேன் நிறம். வெள்ளை உடம்பில் எங்காவது புள்ளி விழுந்திருக்கிறதா என்று குட்டியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். தாய் எது, தகப்பன் எது, எந்தத் தோட்டத்து வழி என்று விசாரிக்கிறார்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. அந்தப் பெருமை ஊருக்கு இன்னும் இருக்கிறது. விலை பேசி முடிந்ததும் எட்டு வாரக் குட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். அந்த எட்டு வாரத்தில் முதல் மூன்று வாரம் எப்படிக் கழிந்தது என்று கேட்பவர்கள் குறைவு. குட்டி தங்குமா தங்காதா என்பது பெரும்பாலும் அதற்குள் முடிவாகிவிடுகிறது. அந்த மூன்று வாரத்தைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்க்கத்தான் மார்கழியில் அங்கே போனேன்.

ஊருக்கு மேற்கே, அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போகும் சாலையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. சொந்தக்காரர் எண்பதை நெருங்கும் பெரியவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கே ராஜபாளையம் நாய்கள் இருக்கின்றன. இப்போது மூன்று பொட்டை, ஒரு கடுவன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் முன்பு உர மூட்டை அடுக்கிய அறையைக் குட்டி அறையாக்கியிருக்கிறார்கள். நடுவில் பலகையடித்த பெரிய பெட்டி. அதன் நான்கு பக்கமும் உள்சுவரில், தரையிலிருந்து நாலைந்து விரல்கடை உயரத்தில், ஒரு கம்பு ஓடுகிறது. தாய் அசந்து சுவரோரம் சாயும்போது இடையில் மாட்டிக்கொள்ளும் குட்டி நசுங்காமல் ஒதுங்க அந்த இடைவெளி. பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 60 வாட்ஸ் குண்டு பல்பு தொங்குகிறது. மற்ற மூலைகளில் சூடு கிடையாது. வெப்பம் கூடினால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டுமாம். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல் குட்டிகள் படுக்கும் மட்டத்தில் பலகையோடு கட்டியிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் மார்கழிக் காற்று முதலில் தரையைத்தான் குளிர வைக்கும்.

பெட்டிக்குள் ஒன்பது குட்டிகள். போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கண் மூடியிருக்கும், காதும் அடைத்திருக்கும். மோப்பமும் உடம்புச் சூட்டை உணர்வதும்தான் அவற்றுக்கு உலகம்.

பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணத்துக்கு முந்தியே நூற்பாலையில் சைடர் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பின்னிங் மெஷினின் பக்கவாட்டில் ஷிப்ட் முழுக்க நடந்துகொண்டே, அறுகிற இழைகளை முடிந்துகொண்டே போகிற வேலை. ஆலையில் ஆளைக் குறைத்தபோது வெளியே வந்து, தோப்பில் களையெடுக்கச் சேர்ந்திருக்கிறார். ஒரு ஈத்தின்போது, "ராத்திரி முழிச்சிருப்பியா தாயி?" என்று பெரியவர் கேட்டாராம். "மூணாவது ஷிப்ட்டு பாத்தவதானய்யா நான்" என்று சொல்லி வந்து உட்கார்ந்தவர், அதற்கப்புறம் எந்த ஈத்துக்கும் எழுந்து போகவில்லை.

பால் கொடுப்பதைப் பார்க்க வந்தேன் என்றதும், "அத அப்புறம் பாப்பம் தம்பி, மொதல்ல தராசு" என்றார். நகைக்கடையில் இருப்பது போலச் சின்ன டிஜிட்டல் தராசு. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் மடித்த துணி. குட்டிகள் எல்லாம் வெள்ளை என்பதால் அடையாளத்துக்குக் கழுத்தில் கம்பளி நூல் கட்டியிருக்கிறார். சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று ஒன்பது நிறம். கழுத்து பருக்கப் பருக்க நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். மறந்தால் அதுவே சுருக்காகிவிடும். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்து, நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். எட்டாம் வகுப்புவரை படித்த கையெழுத்து, எண்கள் மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தன.

பிறந்த மறுநாள் குட்டியின் எடை கொஞ்சம் இறங்குவது உண்டு. பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதவரை பயமில்லை. அதற்குப் பிறகு ஏற வேண்டும், ஒவ்வொரு நாளும் 5 முதல் 10 சதவீதம். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். சிவப்பு நூல் குட்டி 410 கிராமில் பிறந்து 500-ஐத் தொட்டிருந்தது. மஞ்சள் நூல் 305-இல் பிறந்து 290, 286, 284 என்று இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மற்றவற்றைப் போலவே வாயை அசைத்துக்கொண்டுதான் கிடந்தது. "வாயில காம்பு இருக்கும், பாலு இருக்காது. அசலா குடிக்கிற குட்டிக்குக் காதோரம் அசையும், தொண்ட இறங்கும். இது சும்மா வாய வச்சிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அக்கா. "நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்கு ரெண்டு நாள் முந்தியே தராசுக்குத் தெரிஞ்சிரும்."

எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் பற்றாமல் தேம்பிப்போன பிள்ளையைச் சவலை என்பார்கள். ஈத்துக்கு ஒன்றிரண்டு சவலைக் குட்டி இல்லாமல் போவதில்லை. தாய்க்குப் பத்துக் காம்பு இருந்தாலும் பத்திலும் ஒரே அளவு ஊறாது. பின்னங்கால் பக்கத்துக் காம்புகளில்தான் பால் செழிப்பு, மார்புப் பக்கம் குறைவு. பலசாலிகள் பின்னால் போய் இடம் பிடித்துவிட, சவலைக்கு முன்காம்பு மிஞ்சுகிறது. பால் குறைந்தால் உடம்பு சூடு குறையும், சூடு குறைந்தால் உறிஞ்சத் தெம்பிருக்காது, உறிஞ்சாவிட்டால் பால் இன்னும் குறையும். புட்டிப்பால் நுழைவது இந்த இடத்தில்தான். தாய்க்குப் பதிலாக வருவதில்லை அது. தாயிடம் சண்டை போட்டு வாங்கும் அளவுக்குக் குட்டியைத் தேற்றிவிடத்தான் வருகிறது. அந்த அறையில் இருந்தவரை எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. புட்டியை எப்போது எடுப்பது என்பதைவிட எப்போது எடுக்கக் கூடாது என்பதில்தான் அக்காவின் தேர்ச்சி முழுவதும் இருந்தது.

அதை அன்றைக்கு விடியுமுன்பே பார்த்தேன். மஞ்சள் நூல் குட்டி கூட்டத்திலிருந்து விலகி, பல்பு இல்லாத மூலையில் தனியாகக் கிடந்தது. குட்டி முனகினால் தாய் மூக்கால் தள்ளி அணைத்துக்கொள்ளும். இது முனகவும் இல்லை. அக்கா தூக்கி, சுண்டுவிரல் நுனியை அதன் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "வாய் சில்லுனு இருக்கு" என்று மட்டும் சொன்னார். நுனியில் எண்ணெய் தடவிய சின்ன தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்தபோது 93 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. முதல் வாரத்தில் 95-க்கு மேல் இருக்க வேண்டும்.

பால்பவுடர் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வெந்நீர் ஃபிளாஸ்க்கும் இருந்தது. இரண்டையும் அவர் தொடவில்லை. குட்டியை ரவிக்கைக்கும் சேலைக்கும் நடுவே நெஞ்சோடு ஒட்ட வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளுக்குள்ளே கையால் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார். பசியால்தானே இப்படிக் கிடக்கிறது, ரெண்டு சொட்டு கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கொடுத்தால் செத்துவிடும். உடம்புச் சூடு 94-க்குக் கீழே இறங்கிவிட்ட குட்டிக்குக் குடல் வேலை செய்வது நின்றுபோகிறது. உள்ளே போன பால் அப்படியே தங்கிப் புளிக்கும், வயிறு உப்பும், மூச்சு முட்டும். விழுங்கும் சக்தியும் மங்கியிருப்பதால் பால் நுரையீரலுக்குப் போய்விடவும் வாய்ப்பு அதிகம். அவசரப்பட்டு வெந்நீர் பாட்டிலை மேலே அழுத்துவதும் ஆபத்துதான், தோல் வெந்துபோகும். மெதுவாகத்தான் சூடேற வேண்டும். சில சமயம் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும்.

பல்லி சத்தமும் தாய் நாயின் மூச்சும் தவிர அறையில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒருமுறை தாய் எழுந்து வந்து அக்காவின் மடியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. வெளியே வெளுத்த பிறகுதான் முந்தானைக்குள் ஓர் அசைவு. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மூக்கால் தோலை முட்டித் தேட ஆரம்பித்திருந்தது. தெர்மாமீட்டர் 96-ஐத் தாண்டியது. அப்போதுதான் அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

இந்தக் கணக்கையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அரசு கால்நடை மருத்துவர், ஒரு பெண். தோப்புக்கு அவ்வப்போது வந்துபோகிறார். நான் இருந்தபோதும் வந்தார். நாய்க்குட்டிக்கு முதல் ஆறேழு நாள் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது என்று அவர் சொன்னதும் எனக்குப் பல விஷயங்கள் பிடிபட்டன. நடுங்கினால் உடம்பு சூடாகும். அந்த வசதி பிறக்கும்போது வருவதில்லை. கல்லீரலில் சேமித்துவைத்த சர்க்கரையும் சொற்பம், ஒரு வேளை பால் தவறினால் தீர்ந்துபோகும். அதனால்தான் எல்லாரும் பாலைப் பற்றிக் கேட்கும்போது அவர் சூட்டைப் பற்றியே பேசுகிறார். பெட்டிக்குள் முதல் வாரம் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும் என்பது அவர் அறைச்சுவரில் கரியால் எழுதிவைத்துப் போன கணக்கு.

புட்டிக்குள் என்ன போகிறது என்பதில் பெரியவருக்கும் டாக்டரம்மாவுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. பெரியவரின் சின்ன வயதில் ஆட்டுப்பாலில் பஞ்சுத் திரியை நனைத்துக் குட்டியின் வாயில் வைப்பார்களாம். இன்னும் சில வீடுகளில் பிள்ளைக்குப் பாலூற்றும் சங்கும் பாலாடையும் குட்டிக்கும் வரும். "அதுல பொழச்ச குட்டிகதான் நம்ம வம்சம்" என்கிறார் பெரியவர். பிழைக்காதவை கணக்கில் வருவதில்லை என்பதை டாக்டரம்மா மரியாதையாகவே சொன்னார். பிறகு காரணத்தையும் விளக்கினார். நாய்ப்பாலில் 100 மில்லிக்குக் கொழுப்பு 9 கிராம் அளவில் இருக்கிறது, புரதம் 7 முதல் 8 கிராம். பசும்பாலில் கொழுப்பு 4, புரதம் 3-க்குச் சற்று மேல். ஆட்டுப்பாலும் ஏறக்குறைய அதுதான். பால் சர்க்கரை மட்டும் தலைகீழ், நாய்ப்பாலைவிடப் பசும்பாலில் கூடுதல். ஆகப் பசும்பால் குடிக்கும் நாய்க்குட்டிக்குச் சத்து பாதிகூடக் கிடைக்காது, கூடவே செரிக்காத சர்க்கரை கழிச்சலையும் கொண்டுவரும். கழிச்சல் கண்டால் உடம்பில் நீர் வற்றும். 300 கிராம் உயிரில் வற்றுவதற்கு நீர் எவ்வளவு இருக்கும்? தண்ணீர் கலந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். வேறு வழியே இல்லாத ராத்திரியில் கொழுப்பு எடுக்காத பாலில் முட்டை மஞ்சள் கரு அடித்து ஒப்பேற்றலாம். விடிந்ததும் நாய்க்குட்டிக்கென்று வரும் பால்பவுடர் வாங்கிவிட வேண்டும். மதுரையில் கிடைக்கிறது, இப்போதெல்லாம் கூரியரிலும் வருகிறது.

பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று கை கூடக் கூடாது. கொதித்து ஆறிய வெந்நீரில் கட்டி இல்லாமல் கரைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறார் அக்கா. சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. புட்டி கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல், ரப்பர் காம்பு தனி. ரப்பரின் நுனியில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி அவரே ஓட்டை போடுகிறார். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. ஒழுகுகிற ரப்பரை உடனே தூக்கிப் போட்டுவிடுகிறார்.

சிரிஞ்சில் கொடுத்தால் சுலபமில்லையா, அளவும் தெரியுமே என்று கேட்டேன். "புட்டியில அது இழுக்கும். சிரிஞ்சில நாம தள்ளுவோம். தள்ளுனா எங்க போகும்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

மஞ்சள் நூல் குட்டியை மடியில் விரித்த துண்டின்மேல் குப்புறப் படுக்க வைத்தார். தாயிடம் எப்படிக் கிடந்து குடிக்குமோ அப்படி, வயிறு கீழே, தலை லேசாக நிமிர்ந்து. கைப்பிள்ளையை ஏந்துவது போல மல்லாத்திப் பிடித்துக் கொடுப்பது புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் செய்யும் பெரிய ஆபத்து. அப்படிக் கொடுத்தால் பால் நேரே மூச்சுக்குழலுக்குள் இறங்கிப் புரையேறும். மூக்கு வழியே பால் நுரைத்தால் புரையேறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த இரண்டு நாளில் நிமோனியா வந்து குட்டி போய்விடலாம். இடது கையின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தாடையின் இருபுறமும் தாங்கியிருந்தன. அழுத்தவில்லை. ரப்பரை உதட்டில் தேய்த்தார். முதலில் நாக்கு வெளியே தள்ளியது. ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் ருசி தெரிந்திருக்க வேண்டும், நாக்கின் இரண்டு ஓரமும் மடிந்து ரப்பரைச் சுற்றிக்கொண்டன. புட்டிக்குள் சிறு குமிழ் ஒன்று மேலேறியது. அக்காவின் முகம் மாறியதைக் கவனித்தேன். குமிழ் ஏறினால் பால் இறங்குகிறது. முன்னங்கால்கள் துண்டைப் பிறாண்டிப் பிறாண்டித் தள்ளின. தாயின் மடியை அப்படித் தள்ளித்தான் பாலைச் சுரக்க வைக்கும். துண்டு வழுக்காமல் இருக்கக் கீழே கோணிச் சாக்கு போட்டிருந்ததன் காரணம் அப்போது புரிந்தது. காலூன்றித் தள்ள இடம் இல்லையென்றால் குட்டி குடிப்பதை நிறுத்திவிடுமாம்.

100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி, அதற்குமேல் சின்ன வயிறு தாங்காது. 284 கிராமுக்குப் பதினொன்று வரை கொடுக்கலாம். குளிரிலிருந்து மீண்ட குட்டி என்பதால் அக்கா ஐந்தில் நிறுத்தினார். குட்டி தலையை நீட்டி இன்னும் தேடியது. "போதும்டா, ரெண்டு மணி நேரத்துல திரும்ப வருவேன்" என்று சொல்லி ரப்பரை எடுத்துவிட்டார். பசித்த வாயிலிருந்து புட்டியைப் பிடுங்குவது எளிதான வேலையில்லை. வயிறு முட்டக் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர் இந்தக் கட்டுப்பாட்டைக் கைக்குப் பழக்கியிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

குடித்த பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. குட்டியைத் தோளோரம் நிமிர்த்தி முதுகை நீவி ஏப்பம் எடுக்க வைத்தார். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தட்டித் தட்டித் துடைத்தார். மூன்று வாரம்வரை நாய்க்குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு வராது, இரண்டுக்கும் வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாய் ஒதுக்கிய குட்டிக்கு இந்தத் துணிதான் தாயின் நாக்கு. துணியில் இறங்கிய நிறத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நீர்போல வெளிறியிருந்தால் பால் போதுகிறது, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. அந்தக் காஸ் துணி பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்தது. ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் ஊர் அது. அக்காவின் தங்கை அங்கே தறி ஓட்டுகிறார், கழிந்த துண்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பாராம்.

அடுத்த முறை மஞ்சள் நூலுக்குப் புட்டி வரவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று கொழுத்த குட்டிகள் நான்கைத் தூக்கிக் கூடையில் போட்டு மூடினார் அக்கா. மடியில் நெரிசல் குறைந்ததும் மஞ்சள் நூலை எடுத்துத் தாயின் பின்காம்பில் வைத்து, காம்பை லேசாகப் பிதுக்கிப் பாலை அதன் மூக்கில் தடவினார். பிடித்துக்கொண்டது. காதோரம் அசைந்தது. கூடைக்குள் இருந்தவை கத்தித் தீர்த்தன, இருபது நிமிடம் பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டார். இப்படி முறை வைத்து, இடையிடையே புட்டியும் கொடுத்து, இரண்டையும் கலந்துதான் தேற்றுகிறார்கள். முழுக்கப் புட்டிக்கு மாற்றிவிட்டால் உறிஞ்ச வாயில்லாமல் தாய்க்கும் பால் வற்றத் தொடங்கும்.

பவுடர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதில் இல்லாத ஒன்று சீம்பால். நாயின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போய்ச்சேரும் நோய் எதிர்ப்பு மிகக் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சீம்பாலில் வர வேண்டும். அதை உள்வாங்கும் வழி பிறந்த ஒரு நாளைக்குள் குடலில் அடைபட்டுவிடுகிறது. அதிலும் முதல் பன்னிரண்டு மணி நேரம்தான் உத்தமம். போட்ட அன்று ராத்திரி அக்கா எழுந்து நடமாடாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். ஒன்பதும் காம்பைப் பிடித்தனவா என்று நிறம் நிறமாக எண்ணி நோட்டில் டிக் போட்டிருந்தார்.

தாயையும் அவர் விடுவதில்லை. தினமும் இரண்டு வேளை பத்துக் காம்பையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். சூடாக, கல்லாக, சிவந்து இருந்தால் மடிவீக்கம். குட்டிகளின் நகத்தை வாரம் ஒருமுறை நகவெட்டியால் நறுக்கிவிடுவதும் மடியில் கீறல் விழாமல் இருக்கத்தான். அதைவிடப் பயப்படுவது இழுப்புக்கு. பாலில் சுண்ணாம்புச் சத்து ஓடிப்போய்த் தாய்க்கு மூச்சிரைக்கும், கால் விறைக்கும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். உடனே டாக்டர் வந்து கால்சியம் ஊசி போட வேண்டும், குட்டிகளைக் குறைந்தது ஒரு நாளாவது மடியிலிருந்து பிரிக்க வேண்டும். போன வருஷம் இன்னொரு பொட்டைக்கு அப்படி வந்தபோது ஏழு குட்டிக்கும் புட்டி மட்டும்தான். முதல் குட்டிக்குக் கொடுத்து, துடைத்து, நிறுத்து, கடைசிக் குட்டியை முடிப்பதற்குள் முதல் குட்டிக்கு மறுபடி நேரம் வந்துவிடும். அன்றைக்குப் பெரியவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து புட்டி பிடித்தாராம்.

எல்லாம் செய்தும் தங்காதவை உண்டு. நோட்டின் பழைய பக்கங்களில் சில நிறங்களுக்கு நேரே கோடு ஓடிப் பாதியில் நிற்கிறது. ஒன்றின் பக்கத்தில் "அண்ணம் பிளவு" என்று எழுதியிருந்தது. வாயின் மேல்கூரை சேராமல் பிறந்த குட்டி, குடித்த பாலெல்லாம் மூக்கு வழியே வந்துவிட்டது. அப்படிப்பட்டவற்றுக்கும், உறிஞ்சவே தெம்பில்லாதவற்றுக்கும் டாக்டரம்மா மெல்லிய குழாயை வாய் வழியே வயிற்றுக்கு இறக்கிப் பால் செலுத்துவார். மூக்கு நுனியிலிருந்து கடைசி விலாவரை அளந்து குழாயில் குறிபோட்டுத்தான் இறக்குவார். அக்கா அதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார், கற்றுக்கொள்ள டாக்டரம்மா அனுமதிக்கவில்லை. குழாய் வழி தவறினால் திருப்பி எடுக்க நேரமிருக்காது. அது சரியான முடிவு என்றுதான் எனக்கும் படுகிறது.

இவ்வளவு உழைப்பும் நாயின் விலையில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அக்காவுக்குத் தோப்புக் கூலி தனி. ஈத்து நேரத்தில் ராத்திரிக்கென்று ஒரு தொகை. மூன்று வாரத்துக்குமாகச் சேர்த்தாலும் ஒரு குட்டியின் விலையைத் தொடாது. பெரியவர் நல்ல மனிதர், கூட்டித் தர வேண்டும் என்று என்னிடமே சொன்னார். தர வேண்டும். வம்சாவளிக்கு விலை வைக்கத் தெரிந்த நமக்கு, மஞ்சள் நூல் குட்டியை 284-இலிருந்து தூக்கி நிறுத்திய ராத்திரிகளுக்கு விலை வைக்க ஏன் தெரியவில்லை? நாய் வளர்ப்பும் விற்பனையும் குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், பதினெட்டு மாதம் ஆகாத பொட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்குமேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பருவம் வரும்போதெல்லாம் போட வைத்து, ஐந்து வாரத்தில் குட்டியைக் கைமாற்றுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே தாய்க்குச் சவலைக் குட்டியைத் தேற்றும் தெம்பும் இருக்காது, தேற்ற உட்காரும் ஆளும் இருக்க மாட்டார். புட்டியின் தேவை குறைய வேண்டுமென்றால் தாய்க்கு ஓய்வு கிடைக்க வேண்டும். பெரியவர் தன் பொட்டைகளுக்கு ஒரு பருவம் விட்டுத்தான் சேர்க்கிறார். விதி வருவதற்கு முந்தியே அவர் அப்பா வைத்த வழக்கம் அது.

பொங்கலுக்கு முன்பு மறுபடி போனபோது குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. முதல் குடற்புழு மருந்து இரண்டாம் வாரத்திலேயே கொடுத்தாயிற்று. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால் காத்திருக்க முடியாது. மஞ்சள் நூல் ஒன்பதில் இன்னமும் சிறிசுதான், ஆனால் கோடு ஏறிக்கொண்டே போயிருந்தது. புட்டி நின்று சில நாளாகிவிட்டது. அகலமான எவர்சில்வர் தட்டில் பவுடர் பாலை ஊற்றி, விரலில் தொட்டு மூக்கில் தடவி, நக்கிக் குடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார் அக்கா. வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டி பிறப்பது உண்டு என்பதால், அடுத்த சில நாட்களில் பின்னாலிருந்து தட்டைத் தட்டி எது திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று பார்க்க வேண்டும் என்றார்.

அப்போது வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். தென்காசி ரோட்டில் அடிபட்ட தெருநாயின் குட்டிகள் என்று அட்டைப்பெட்டியை நீட்டினான். உள்ளே இரண்டு, ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. கண் திறக்காதவை. கையில் ஒரு டம்ளர் பசும்பாலும் கொண்டுவந்திருந்தான்.

"எப்ப போட்டுச்சு? சீம்பாலு குடிச்சுச்சா? நீ எதுவும் ஊத்துனியா?" என்று அடுக்கிக்கொண்டே அக்கா இரண்டின் வாயிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பெரியவர் எட்டிப் பார்த்து, ரோட்டு நாய்க்கு என்ன நோய் இருக்குமோ, நம்ம பெட்டிக்குள்ள விட்றாத தாயி என்றார். அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. அக்காவும் மறுக்கவில்லை. குட்டிகளை மோட்டார் ரூமில் தனியாக வைத்து, தனி ரப்பர், தனித் துணி எடுத்து, குட்டி அறைக்குத் திரும்புமுன் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டார். டம்ளர் பாலைப் பையனிடமே கொடுத்து நீயே குடி என்றார். தராசு மட்டும் ஒன்றுதான். கிண்ணத்தின் துணியை மாற்றி இரண்டையும் நிறுத்து, நோட்டின் புதுப் பக்கத்தில் செவலை 240, கறுப்பு 225 என்று எழுதினார்.

"தாய் இல்லாத குட்டி. ரெண்டு மணிக்கு ஒருக்கா, ராத்திரி பகல் கெடையாது. நான் ஒருத்தி எம்புட்டுப் பாப்பேன்? சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு வந்துரு, மொத வேளை நான் கொடுக்கேன், நீ பாரு. பத்து மணிக்கு நீ கொடு, நான் பாக்கேன்" என்று பையனிடம் சொன்னார். பெட்டியை இங்கேயே விட்டுப் போகலாம் என்று வந்திருந்த பையன் கொஞ்சம் தயங்கினான். பிறகு, ஸ்கூல் லீவுதான், வாறேன் என்றான்.